வீடு சந்திப்பு

கத்தோலிக்க அருள்சகோதரிகள் நடத்தும், அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்றிருக்கிறேன். நான் கத்தோலிக்கர் அல்லள்; எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது முருகனுக்கு. சேர்க்கைக் காலத்தில் விடியுமுன்னரே பள்ளி வாசலில் வரிசை பிடித்த பெற்றோரிலும் பலர் என்னைப் போன்றவர்களே. ஏன் இந்தப் பள்ளி என்று கேட்டால் கண்டிப்பு, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு, நல்ல தேர்ச்சி என்பார்கள். அவையெல்லாம் இருந்தன, ஆனால் அவை வேறு பள்ளிகளிலும் கிடைத்தன. வேறெங்கும் நான் காணாத ஒன்று, பதிவேட்டில் 'வீடு சந்திப்பு' என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட்டது.

ஆண்டுக்கு இருமுறை, வகுப்பாசிரியை ஒரு சகோதரியுடன் மாணவியரின் வீடுகளுக்குப் போய்வர வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. ஊதியம் தருவது அரசு. அரசியல் சட்டத்தின் 30 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது என்பதற்காக, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் என்னை நடக்கவைக்கும் உரிமையையும் தருகிறதா என்று ஆசிரியர் அறையில் பொருமியிருக்கிறேன். தலைமையாசிரியைச் சகோதரியிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன். "பிள்ளை நம்மகிட்ட எட்டு மணி நேரந்தான் டீச்சர் இருக்கா. மிச்ச நேரத்துல அவ எங்க இருக்கான்னு தெரியாம என்னத்தக் கணக்குச் சொல்லிக் குடுப்பீங்க?" என்றார்.

அவ்வாண்டு எட்டாம் வகுப்பில் ஒரு மாணவியின் வடிவியல் நோட்டு முழுவதும் கரிய விரல்தடங்களாக இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'சுத்தமில்லை' என்று எழுதித் திருப்பித் தருவேன். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது, தாயும் மகளும் திண்ணையில் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் கறுத்துப் பின் உரியும் என்பது, அந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அன்றுவரை வெறும் செய்திதான். என்னுடன் வந்த சகோதரி அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து, அந்த அம்மாவிடமிருந்து கட்டையை வாங்கி, அரைமணி நேரம் தானும் உடைத்தார். பருப்பு முழுசாக வராமல் நொறுங்கியது. அந்த அம்மா சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், அது கழியும்வரை மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாத நிலை எல்லாம் பேச்சில் வந்தன. அடுத்த மாதம் என் மாணவி பள்ளி விடுதிக்கு வந்தாள். தந்தையார் இரண்டு முறை வந்து சண்டையிட்டு அழைத்துப்போக முயன்றார், தாயார் இணங்கவில்லை.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று, கத்தோலிக்க ஆயர்களின் உலக மாமன்றமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கை சொல்வதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். அந்தச் சகோதரி அதை ஒருநாளும் மேற்கோள் காட்டியவர் அல்லர். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று வீடுகள் கேட்டுக்கொண்டிருந்த 1844 இல், புதுச்சேரியில் பிரெஞ்சு மறைப்பணியாளர் துபுயி அடிகளார் பெண் கல்விக்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். வீட்டின் சம்மதம் இல்லாமல் அந்தக் காலத்தில் எந்தப் பெண் பலகையைத் தொட்டிருக்க முடியும்? வீட்டுப்படி ஏறும் வழக்கம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மதத்தைப் பொறுத்தவரை, கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் அதே பாடவேளையில் மற்றவர்களுக்கு நீதிபோதனை நடக்கும். அதற்குமேல் என்னையோ என் மாணவியரையோ எவரும் வற்புறுத்தியதில்லை.

குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. என் பணியின் கடைசிப் பத்தாண்டுகளில் தேர்ச்சி விழுக்காடு எங்களையும் பிடித்துக்கொண்டது. நூற்றுக்கு நூறு என்று வாசலில் பேனர் கட்ட வேண்டும் என்பதற்காக, ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, "வேற ஸ்கூல் பாத்துக்கோங்களேன்" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கத் தொடங்கினோம். சேர்க்கை வரிசையில் நின்ற பெற்றோர் கேட்டதும் அந்த நூறைத்தான் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வகுப்பாசிரியை என்ற முறையில் அந்தத் தாள்களில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, அப்படி அனுப்பப்பட்ட ஒரு மாணவி எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, யாரும் சொல்லாமலே தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். தண்ணீர்ச் சொம்பாவது நீட்டாத வீடு கிடையாது. அன்று அவள் பாட்டி கதவைப் பாதி திறந்து, என் புடவையையும் கையிலிருந்த நோட்டையும் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துலேருந்தா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.