முதுகில் பட்டது

எங்கள் பள்ளி மலருக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். என் சொந்தப் பெயரைப் போட்டால் வகுப்புத் தோழர்களில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. 'சேரலாதன்' என்றால் தெரியும்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள், கடைசிப் பாடவேளைக்கு முன் மதிலேறிக் குதித்தேன். சட்டை எங்கோ மாட்டிக்கொள்ள, முதுகு மதிலோடு உராய்ந்துகொண்டே இறங்கியது. மறுநாள் டிங்சர் தடவிய முதுகோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். தமிழாசிரியர் காரணம் கேட்டார். "முதுகிலா? அப்படியானால் புறப்புண்" என்றார்.

பாடம் நின்றது, புண் தொடங்கியது. மார்பிலும் முகத்திலும் பட்டால் விழுப்புண். அது படாத நாளையெல்லாம் வீரன் வீண்நாள் கணக்கில் வைப்பான் என்கிறது 776ஆம் குறள். முதுகில் பட்டாலும் அதே இரத்தம், அதே வலிதான், ஆனால் மானக்கேடு. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேர மன்னன் பெருஞ்சேரலாதன் அந்த நாணத்தால் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். மணி அடிப்பதற்குள் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

"இவனுக்கு வெறும் சிராய்ப்புத்தானே ஐயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். உதவியா கேலியா என்று இன்றும் புரியவில்லை. ஆனால் ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மனம் புண்படும், காயப்படும். சிராயுமா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தோம். சிராயாதுதான். சொற்களில்கூட ஆழமாக இறங்கியவைதான் மனத்துக்குள் போகும் போலிருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாதவர்களை அவர் "முகத்திரண்டு புண்ணுடையர்" என்று அழைத்ததும் அப்படித்தான் இறங்கியது. கல்லாதவருக்குக் கண்ணே புண் என்னும் அந்தக் குறளின் எண் 393. மறக்க வழியே இல்லை.

அந்தப் பருவம் முழுவதும் பெயரைக் கேட்டாலே எனக்குக் கண் கலங்கும். ஐயா கவனித்திருக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து, பாடத்திட்டத்தில் இல்லாத புறநானூற்று 65ஆம் பாட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "முன்பு குறித்து எறிந்த" என்ற இடத்தில் நிறுத்தினார். வேல் சேரனின் மார்பைக் குறித்துத்தான் வந்தது, ஊடுருவிப் போனதால் முதுகிலும் புண், அவன் ஓடியவன் அல்லன் என்று விளக்கினார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் ஓடியவன்தான். அதை அவர் சொல்லவில்லை.

தழும்பு எப்போதோ மறைந்துவிட்டது. சென்ற ஒன்றுகூடலில் எனக்குப் பின்னாலிருந்து "டேய் சேரலாதா!" என்று ஒரு கூப்பாடு. திரும்பி, மார்பைக் காட்டி நின்றேன்.