பேச்சுவார்த்தை மேசைக்கு வர இத்தனை மாதமா?

இன்று மெட்ரோவில் எதிரே ஒரு விமானப் பணிப்பெண். சீருடை, கொண்டை எல்லாம் கச்சிதம், காலில் மட்டும் ரப்பர் செருப்பு.

மீனம்பாக்கம் தாண்டியதும் பையிலிருந்து ஹீல்ஸை எடுத்து மாட்டினார். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. ஒன்று பாதி உரிந்திருந்தது, அதை அழுத்தி ஒட்டிவிட்டு, எழும்போதே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

எனக்கு 2024 மே மாதம் நினைவுக்கு வந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுக்க, விமானங்கள் வரிசையாக ரத்து. வளைகுடாவுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் விமான நிலையத்தில் தவித்தார்கள், அவர்கள் கோபம் நியாயம்தான்.

நிர்வாகம் 25 பேரை நீக்கியது.

அப்புறம் டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சுவார்த்தை. மே 9 அன்றே 25 பேரையும் திரும்பச் சேர்க்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

சம்பளம் பற்றியும், ஏஐஎக்ஸ் கனெக்ட் (முன்பு ஏர் ஏசியா இந்தியா) என்ற விமான நிறுவனத்தோடு இணைக்கும்போது சமமாக நடத்தவில்லை என்றும் தொழிற்சங்கம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த குறைகள்தான் அந்த விடுப்புக்குப் பின்னால் இருந்தவை. ஒரே நாளில் உட்கார்ந்து பேச முடிந்தவர்கள் அதற்கு முன்னால் ஏன் உட்காரவில்லை? அன்றைக்குப் பயணிகள் பட்ட பாட்டுக்குப் பணியாளர்களை மட்டும் திட்டியவர்கள் இதையும் கேட்டிருக்க வேண்டும்.