அறங்காவலர் பட்டியல் வந்ததும் பார்க்க வேண்டியது

தொண்டி முதல் சாயல்குடி வரை கோயில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு: கட்சிச் செல்வாக்கில் ஒருவர் அறங்காவலராக வந்தால், முதலில் குத்தகைக் கணக்கைப் பாருங்கள். அறநிலையச் சட்டம் 1959, பிரிவு 26 தெளிவாகச் சொல்கிறது: கோயில் சொத்தில் குத்தகையோ, கோயில் வேலையில் ஒப்பந்தமோ, கோயிலுக்குப் பாக்கியோ உள்ளவர் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர்.

தகவல் உரிமை மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அவருடைய விண்ணப்ப நகல், குத்தகைதாரர் பட்டியல், கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடு (யார் எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு கட்டினார், எவ்வளவு பாக்கி என்று காட்டுவது) மூன்றையும் கேளுங்கள். "ஏன் இவரை நியமித்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். 30 நாளில் வராவிட்டால் மேல்முறையீடு.

குத்தகைக்கு எடுத்த கோயில் தென்னந்தோப்பும் கடையும் பெரும்பாலும் அவருடைய மனைவி, மைத்துனர் பெயரில் இருக்கும். நாம் கோட்டை விடுவது அங்கேதான். தகப்பனார் பெயர், கதவு எண் வைத்து ஒப்பிடுங்கள். பணம் கட்டிய ரசீது யார் பெயரில் என்பதையும் விடாதீர்கள்.