138

ஜூன் 2, 2025, திங்கள்

பாப்பாவுக்கு ஐஐடி நுழைவுத் தேர்வு ரேங்க் வந்துவிட்டது. எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. கண் பட்டுவிடும்.

ஜூன் 3

138. போன வருஷம் தன்பாத் ஐஐடியில் பெட்ரோலியம், ஓபிசி, பெண்களுக்கான சீட் கடைசியாக நின்ற ரேங்க்குக்கும் பாப்பா ரேங்க்குக்கும் உள்ள தூரம். ஆண், பெண் இருவருக்குமான பொதுச் சீட்டில் பார்த்தால் கிட்டவே போக முடியாது. பெண்களுக்கென்று மேலே சேர்த்துக் கொடுக்கும் சீட்டுகளால்தான் இந்த ஆசையே.

"138 பேரும் பெட்ரோலியம் கேக்க மாட்டாங்கம்மா" என்கிறாள். கேட்கிறவர்களில் பெண்கள் இன்னும் குறைவு. சீட்டே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், ஒருத்தி மனசு மாறி வேறு எடுத்தாலே எண் எங்கேயோ தாவுமாம். எங்கேயோ இருக்கிற அந்த ஒருத்தியை இப்போதிருந்தே நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 4

எண்ணெய் விலை விழுந்தால் பெட்ரோலியம் எடுக்க ஆள் குறையும், அப்போது நமக்கு நல்லது என்று பாப்பா ஒரு கணக்கு சொன்னாள். பாப்பாவின் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் பீப்பாய் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. கடலில் எண்ணெய் எடுக்கும் பிளாட்பாரத்தில் சமைக்கும் அவருக்கு அந்த வருஷம் கான்டிராக்டர் மூன்று மாதம் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார். விலை ஏறினால் அவருக்குச் சோறு, இறங்கினால் இவளுக்குச் சீட்டு. முருகன் கோயிலில் நான் எதைக் கேட்பது?

ஜூன் 6

சான்றிதழ்! ஓபிசி சான்றிதழ் இந்த வருஷம் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு கொடுத்ததாக இருக்க வேண்டுமாம். எங்களுடையதில் மார்ச் 27. சுறுசுறுப்பாக முன்கூட்டியே வாங்கி வைத்ததற்கு இது கூலி. கொழுந்தனைத் திரும்ப ஊர் தாலுகா ஆபீஸுக்கு ஓட விட்டிருக்கிறேன். அவர் போனில், "மதினி, நேத்து வந்தேன், நாளைக்கு வாங்கன்னான், இன்னைக்கும் நாளைக்கு வாங்கன்னுதான் சொல்லுதான்" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், சாதிக்கு நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பன்னிரண்டாவது எழுதியது இங்கே மும்பையில் என்பதால் என்ஐடி கவுன்சிலிங்குக்கு மகாராஷ்டிராக்காரர்கள். திருச்சி என்ஐடியில் எங்களுக்கு உள்ளூர் ஒதுக்கீடு கிடையாது, நாக்பூரில் உண்டு. இரண்டு ஊரும் எங்களைப் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 7

சான்றிதழ் வந்தது. மூன்று முறை தேதியைப் படித்தேன்.

ஜூன் 9

கவுன்சிலிங்கில் மாதிரி ஒதுக்கீடு. நாக்பூர், கெமிக்கல். மாதிரிதான்.

ஜூன் 11

பெங்களூரிலிருந்து தம்பி. "அக்கா, எல்லா வண்டியும் கரன்ட்டுக்கு மாறிக்கிட்டிருக்கு, இவ எண்ணெய் தோண்டப் போறாளா? கம்ப்யூட்டர் எந்தக் காலேஜ்ல கிடைச்சாலும் போடச் சொல்லு." பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டாள். கடலுக்குள் பாம்பே ஹையில் எண்ணெய் கண்டது 1974 மாமா, வயசான கிணற்றில் தண்ணீரை அழுத்தி மிச்சத்தைத் தள்ளி எடுக்கத்தான் படித்த ஆள் வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம். அவன் கடைசியில் "சரி, உன் இஷ்டம்" என்றான். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் சீட்டு கேட்கும் வரிசை. தன்பாத் பெட்ரோலியத்தை முதலில் வைத்தால் மற்றது போய்விடுமா என்று நான் கேட்டதற்கு, கிடைக்காத மேல் சாய்ஸால் கீழே உள்ளது கெடாதும்மா, ஆசைப்படும் வரிசையில் போட்டால் போதும் என்று பத்தாவது தடவையாகச் சொன்னாள். புரிகிறது. ராத்திரி மறுபடி புரியாமல் போகிறது.

உத்தரப் பிரதேசத்து ஊரான ஜாய்ஸில் இருக்கும் ராஜீவ் காந்தி பெட்ரோலிய நிறுவனத்துக்கும் விசாகப்பட்டினத்துக்கும் தனித்தனி விண்ணப்பம். இந்தக் கவுன்சிலிங்கில் அவை வராது. போட்டாயிற்று.

ஜூன் 12

மத்தியானம் சாய்ஸ் லாக் செய்தோம். டிவியைப் போட்டால் அகமதாபாத். விமானம்.

நாளைக்கு அவருக்கு ஜூஹூவிலிருந்து ஹெலிகாப்டர். அடுத்த 14 நாள் பிளாட்பாரத்தில், 160 கிலோமீட்டர் கடலுக்குள். சமையல்காரருக்கும் அதே பயிற்சிதான்: நீச்சல் குளத்தில் ஒரு கூண்டுக்குள் கட்டிப்போட்டுத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்றல் நிற்கும் வரை அசையக் கூடாது, கண்ணாடியைத் தள்ள வேண்டும், அப்புறம்தான் பெல்ட். முதலில் பெல்ட்டைக் கழற்றினால் எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போய்விடுமாம். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே சொன்னார். சாய்ஸ் லிஸ்ட்டில் முதல் இடத்தில் நாங்கள் வைத்திருப்பது இதைத்தான்.

டிபன் கட்டிக் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 13

போய்ச் சேர்ந்ததாக மெசேஜ்.

ஈரான் மேல் இஸ்ரேல் குண்டு போட்டிருக்கிறது. எண்ணெய் ஒரே நாளில் 7 சதவீதம் ஏறியது. லாக் செய்தாயிற்று, இனி யாரும் வரிசையை மாற்ற முடியாது என்ற நினைப்புத்தான் எனக்கு முதலில் வந்தது. வெட்கமாக இருந்தது.

ஜூன் 14

முதல் சுற்று. நாக்பூர் கெமிக்கல். தன்பாத் 171 தள்ளி. ஃப்ளோட் கொடுத்தோம்: இது கையில் இருக்கும், மேலே கிடைத்தால் தானாக மாறும்.

ஜூன் 17

மாகுல் ரிஃபைனரி பக்கமிருந்து காற்று. கேஸ் வாடை. ஜன்னலைச் சாத்தினேன்.

சட்டப்படி எண்ணெய்க் கிணறும் சுரங்கம்தான் என்று இன்றுதான் தெரிந்தது. 1952 சுரங்கச் சட்டத்தில் பெண்களுக்கு இரவு ஏழிலிருந்து காலை ஆறு வரை வேலை கிடையாது என்றிருந்தது. 2019 ஜனவரியில்தான் அனுமதி வந்தது: எழுத்தில் சம்மதம் வேண்டும், குறைந்தது மூன்று பெண்கள் சேர்ந்து இருக்க வேண்டும். அந்த மூன்று பேரில் அந்த ஒருத்தியும் இருப்பாளோ? அவள் அம்மாவும் இதையெல்லாம் தேடிப் படிக்கிறாளோ? படித்தால் நல்லது. பயந்தால் இன்னும் நல்லது.

இல்லை, அப்படி எழுதக் கூடாது.

ஜூன் 21

இரண்டாம் சுற்று. 64.

ஜூன் 22

தூக்கமில்லை. தன்பாத்துக்கு கயா வழி போகும் ஹவுரா மெயில். ஒரு நாளைக்கு மேல். எதிர் வீட்டு மாமிக்கு அந்த ஊரே தெரியவில்லை. "ஐஐடின்னா பவாய் இல்லையோ?" 1926இலிருந்து இருக்கிற சுரங்கக் கல்லூரி மாமி, 2016இல் ஐஐடி ஆக்கினார்கள் என்றேன். பாப்பா பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 24

சண்டை நிறுத்தமாம். எண்ணெய் இறங்கிவிட்டது.

அவர் போன் வந்தது, நாலு நிமிஷம். புது பேட்ச்சில் ஒரு பெண் என்ஜினியர் வந்திருக்கிறாராம். "தயிர் சோறு கேட்டுச்சு. மாதுளை போட்டுக் கொடுத்தேன்." வேறு எதுவும் சொல்லவில்லை. மறுபடி, "பாப்பாவுக்கு எத்தனை?" 64 என்றேன். "ம்."

ஜூன் 27

மழை. ஹெலிகாப்டர் இல்லை.

ஜூன் 28

இன்றைக்கும் இல்லை.

மூன்றாம் சுற்று. 19.