ஐடில் நேரம்

ஆபரேட்டர் சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். அப்புறம் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இது ஓடுதுங்களா, இல்லீங்களா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேட்டரியில் ஓடும் தோண்டும் எந்திரம் அது. லீவரைத் தொட்டதும் அதன் கை, பூம், சத்தமே இல்லாமல் எழும்பியது. 25 வருஷமாக ஜேசிபியும் ஹிட்டாச்சியும் ஓட்டிய மனுஷன், கோபாலபுரத்துப் பக்கத்துக்காரர். அன்று முழுக்க லைசென்ஸ் எடுக்க வந்த பையன் மாதிரி ஓட்டினார்.

வேலை பாலக்காட்டுக்கு இந்தப் பக்கம், கஞ்சிக்கோட்டில். ஒரு கிடங்கு. கட்டச் சொன்னவர்கள் கார்பன் கணக்கு, அதாவது வேலையில் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்ற கணக்குக் கேட்டிருந்தார்கள். அதனால் சின்ன வேலைகளுக்கு ஒரு 2 டன் பேட்டரி எந்திரம், பெரிய தோண்டலுக்குப் பழையபடி டீசல் ஹிட்டாச்சி, டிப்பர் உட்பட எல்லா வண்டியிலும் அது எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அறிக்கை அனுப்பும் டிராக்கர் என்று ஏற்பாடு. தொடக்கக் கூட்டத்தில் ஓஸ்லோவைக் காட்டினார்கள். 2019இல் அங்கே ஒரு தெருவைப் பெரும்பாலும் மின் எந்திரங்களை வைத்தே புதுப்பித்தார்களாம். படத்தில் எல்லாரும் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். நாங்கள் மார்ச் மாதக் கஞ்சிக்கோட்டில், கணவாய் வழியாக வரும் அனல்காற்றில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம்.

அந்த வெயிலே ஒரு விதத்தில் கைகொடுத்தது. கோடையில் பகல் 12 முதல் 3 வரை ஆட்களை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடும். பேட்டரி வண்டிக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். வெயிலில் பேட்டரி கொதிக்கக்கூடாது என்று கீற்றுப் பந்தல் போட்டோம். அதே பந்தலில்தான் நாங்களும் தூக்குப்போசியைத் திறந்தோம். மூன்று மணிக்குச் சார்ஜ் பாதிக்கு மேல் ஏறியிருக்கும், சாயங்காலம் வரை தாங்கும்.

சத்தம் இல்லாததில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. கெட்டது முதல் வாரமே தெரிந்தது. கம்பி கட்டும் பெண்கள் இருவர் பேட்டரி வண்டியின் செயின் டிராக்குக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி பின்னால் வருவது அவர்களுக்குக் கேட்கவே இல்லை. நான் கத்திய கத்தலில் என் தொண்டை இரண்டு நாளைக்குக் கட்டிக்கொண்டது. அதற்கப்புறம் ரிவர்ஸ் பீப்பருடன் விசில் அடிக்க ஒரு ஆளையும் போட்டோம்.

நல்லது, ஆபரேட்டர் அண்ணன் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. டீசல் வண்டியில் எஞ்சின் திணறுவதை வைத்து அடியில் பாறையா மண்ணா என்று கண்டுபிடிப்பார். இதில் அது போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தவர், ஒருநாள் திடீரென்று பக்கெட்டை அந்தரத்தில் நிறுத்தினார். இறங்கிக் குழியில் கையை விட்டுத் துழாவினார். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். பக்கெட் பல் அதில் உரசிய சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. டீசல் வண்டியாக இருந்தால் தண்ணீர் பீச்சியடித்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

இனி டிராக்கர். எங்களை அதிகம் படுத்தியது அதுதான்.

முதல் மாத அறிக்கையில் ஹிட்டாச்சி ஓடிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு 'ஐடில்' என்று சிவப்பில் வந்தது. தோண்டாமல் உறுமிக்கொண்டு நின்ற நேரம். அப்படி நிற்கும்போதே மணிக்கு 3, 4 லிட்டர் குடிக்கும் வண்டி அது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. அலுவலகத்தில் எல்லாரும் ஆபரேட்டரைத்தான் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வண்டி முதலாளிக்கு வாடகை, எஞ்சின் ஓடும் நேரத்தைக் காட்டும் மீட்டர் கணக்கில்; டீசல் எங்கள் கணக்கு. எஞ்சினை அணைத்தால் முதலாளிக்கு நஷ்டம். அவரிடம் சம்பளம் வாங்கும் ஆள் எப்படி அணைப்பார்? போதாக்குறைக்கு டிப்பர் வரிசை அறுந்துபோய் முக்கால் மணி நேரம் காத்திருப்பதெல்லாம் சாதாரணம்.

பேட்டரி வண்டியின் அறிக்கையில் அந்தச் சிவப்பு அறவே இல்லை. லீவரை விட்டால் மோட்டார் நின்றுவிடும், ஐடில் என்ற பேச்சே கிடையாது. பச்சை இலை படம் ஒன்று வரும். அலுவலகத்தில் ஒரே சந்தோஷம். ஆனால் டிப்பருக்காக அதுவும் அதே முக்கால் மணி நேரம் நின்றதுதானே? அது எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

பச்சை இலையில் எனக்கு நம்பிக்கை போனது ஏப்ரலில். காலையில் போன கரண்ட் மத்தியானம் வரை வரவில்லை. ஜெனரேட்டரை ஓட்டி 20 யூனிட் ஏற்றினேன், 6 லிட்டர் டீசல் போயிற்று. அன்றைக்கும் அறிக்கையில் இலை பளபளவென்று வந்தது. பூஜ்யம் கிலோ. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தது 16 கிலோ. கரண்ட்டில் ஏற்றினாலும் பூஜ்யம் ஆகாது. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்தால் 20 யூனிட்டுக்கு 14 கிலோ. இதே அளவுள்ள ஒரு டீசல் வண்டி அந்த வேலைக்கு 10 லிட்டர் குடித்திருக்கும், 27 கிலோ. பாதியாகக் குறைகிறது, அதுவே பெரிய விஷயம்தான். ஓஸ்லோக்காரர்களுக்குப் பெரும்பாலும் நீர்மின்சாரம், அவர்கள் பூஜ்யம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எல்லைத் தகராறு தனி. டிராக்கரில் சைட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்கள், வண்டி அதைத் தாண்டினால் என் போன் அலறும். கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. டிப்பர்காரர்கள் மாநில எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டித்தான் டேங்க்கை நிரப்புவார்கள். தினம் நாலு முறை 'வாகனம் எல்லை மீறியது'. திருட்டு நடக்கிறதோ என்று மேலிடத்திலிருந்து விசாரணை வேறு. சேட்டா, அண்ணா என்று இரண்டு பாஷையிலும் கெஞ்சி அந்த அலாரத்தை நிறுத்த வைத்தேன்.

அப்புறம் எந்தச் செயலியும் கேட்காத ஒரு வேலையைச் செய்தேன். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு, நின்ற நேரம், காரணம் என்று இரண்டு பத்தி வைத்து ஆபரேட்டர் அண்ணனிடம் கொடுத்தேன். "நானுங்களா எழுதோணும்?" என்று கூச்சப்பட்டார். மறுநாள் சாயங்காலம் வாங்கிப் பார்த்தேன். பேட்டரி வண்டிக்கு ஒரே ஒரு வரி, கோணல் எழுத்தில்:

11.10 - 11.50. டிப்பர் வரல. டீசல் அடிக்க வாளையாறு போச்சு.