டிசம்பரில் திருவனந்தபுரம்: பெண் இயக்குநர்களின் படங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

கேரள சர்வதேசத் திரைப்பட விழா அண்மை ஆண்டுகளில் டிசம்பரின் இரண்டாவது வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளி வரை நடக்கிறது. 1994இல் கோழிக்கோட்டில் பிறந்த விழா இது. இப்போது கேரள மாநிலச் சலச்சித்திர அகாடமி திருவனந்தபுரத்தில் நடத்துகிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டப் படங்களுக்கு மட்டுமே போட்டிப் பிரிவில் இடம். ஐரோப்பியப் படம் எவ்வளவு பெரிய விருதோடு வந்தாலும் சுவர்ண சகோரம் என்ற முதல் பரிசுக்குப் போட்டியிட முடியாது. போட்டியில் 14 படங்கள்: பத்து வெளிநாட்டுப் படங்கள், இரண்டு இந்தியப் படங்கள், இரண்டு மலையாளப் படங்கள். பணமும் விளம்பரமும் இல்லாமல் எடுத்த முதல் படங்கள் முன்வரிசைக்கு வருவது இந்த விதியால்தான். 2022 மார்ச்சில் நடந்த 26ஆவது விழாவில் சுவர்ண சகோரம், நத்தாலி ஆல்வரெஸ் மெசென் என்ற பெண் இயக்குநரின் முதல் முழுநீளப் படத்துக்குக் கிடைத்தது.

பெண்களின் சினிமாவை இந்த ஊரில் வைத்துப் பார்ப்பதற்குத் தனிக் கனம் உண்டு. மலையாளத்தின் முதல் படத்தில் நாயகியாக நடித்தவர் பி.கே. ரோஸி என்ற தலித் பெண். நாயர் பெண்ணாக அவர் திரையில் வந்ததைப் பொறுக்காத கூட்டம் கல்லெறிந்தது இதே திருவனந்தபுரத்தில். அவர் ஊரைவிட்டு ஓடி, நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். இன்று அவர் பெயரில் கேரளத்தில் திரைப்படச் சங்கம் இருக்கிறது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் திரைப்பட விழாவே நடத்துகிறது. 2017இல் உருவான பெண் கலைஞர்கள் கூட்டமைப்பு கேட்டதன் பேரில், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய ஹேமா கமிட்டி அமைந்தது. அதன் அறிக்கை 2019 முடிவில் அரசிடம் போய், 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. விழாவின் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் இதையெல்லாம் பற்றிக் கருத்து வைத்திருப்பவர்கள். பேச்சுக் கொடுத்தால் தமிழிலேயே பதில் வரும்.

முதலில் ரயில். பாஸுக்குப் பதிவு நவம்பரில் திறக்கும். ஆனால் விழா நாட்கள் சபரிமலை மண்டல காலத்துக்குள் விழுகின்றன. ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் சென்னையிலிருந்து போகும் இரவு ரயில்கள் முன்பே நிரம்பிவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறப்பதால், பாஸ் கையில் வரும்வரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே டிக்கெட் போட்டுவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால் நாகர்கோவில் வரை ஏதாவது ரயிலில் போய், அங்கிருந்து களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக அரசுப் பேருந்தில் போகலாம். எழுபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நெரிசலில் இரண்டரை மணி நேரம் ஆகும். காலை ஒன்பது மணிக் காட்சிக்கு இந்தக் கணக்கை நம்பக் கூடாது.

டெலிகேட் பாஸ் 2024இல் ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய், மாணவர்களுக்கு 590. மாணவர்கள் கல்லூரி அடையாள அட்டையின் படத்தைப் பதிவேற்ற வேண்டும். படம் மங்கலாக இருந்தால் பதிவு நின்றுவிடும். அட்டையும் கையேடும் வழுதக்காட்டில் உள்ள டாகூர் அரங்கில் தருவார்கள். தொடங்கும் நாளில் அங்கே வரிசை நீளமாக இருக்கும். முந்தைய நாள் மாலையே வாங்க முடிந்தால் ஒரு காட்சி மிச்சம்.

தங்க தம்பானூரைச் சுற்றிப் பாருங்கள். ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. பேருந்து நிலையத்தை ஒட்டியே கைரளி, ஸ்ரீ, நிளா என்ற மூன்று திரைகள் உள்ள வளாகம். ஏரிஸ்பிளெக்ஸ் திரையரங்கும் நடக்கும் தூரம். டாகூர், கலாபவன் அரங்குகள் வழுதக்காட்டில், சுமார் இரண்டு கிலோமீட்டரில். நிசாகந்தி அரங்கம் இன்னும் தள்ளி, கனகக்குன்னு வளாகத்துக்குள். ஒரு நாளை இரண்டாகப் பிரித்து, மதியம் வரை தம்பானூர், அதன் பிறகு வழுதக்காடு என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு ஆட்டோ போதும். இங்கும் அங்குமாக மாறி மாறி முன்பதிவு செய்தால் மாலை நெரிசலில் தொடக்கக் காட்சிகளை விடுவீர்கள். மீட்டர் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய். மீட்டர் போடச் சொல்லி ஏறலாம்.

இனி முக்கியமான விஷயம். விழாவில் எப்படிப் படம் தேர்வு செய்வது?

இருக்கைகளில் நூற்றுக்கு எழுபது முன்பதிவுக்கு, மீதி முப்பது வரிசையில் நிற்பவர்களுக்கு. அண்மை ஆண்டுகளில் நடைமுறை இதுதான். முந்தைய நாள் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். எட்டு ஐந்துக்குள் கான், வெனிஸ் விருதுப் படங்கள் தீர்ந்துவிடும், இணையதளமும் திணறும். அந்த முதல் ஐந்து நிமிடத்தைப் பெரிய பெயர்களுக்குச் செலவழிப்பதுதான் பலர் செய்யும் தவறு. கானில் பரிசு வாங்கிய படம் சில மாதத்தில் ஓடிடியில் வந்துவிடும். பொலிவியாவிலிருந்தோ துனிசியாவிலிருந்தோ வந்த ஒரு பெண்ணின் முதல் படம் இந்தத் திரையைவிட்டால் வேறு எங்கும் உங்கள் கண்ணில் படாது. அதனால் எட்டு மணிக்கு முதலில், இனி ஒரே ஒரு காட்சி மட்டும் மிச்சமிருக்கும் சிறு படத்தைப் பிடியுங்கள். பெரிய படத்துக்கு வரிசையில் நின்றுகொள்ளலாம். சின்ன அரங்கான நிளாவில் வரிசையின் முப்பது சதவீதம் என்பது மிகக் குறைந்த இடம். டாகூர் பெரியது, அங்கே வரிசையை நம்பலாம். வரிசையில் முக்கால் மணி நேரமாவது முன்னதாக நிற்க வேண்டும். முன்பதிவு செய்தவர்களும் தாமதமாகப் போனால் இடம் கைமாறிவிடும்.

அட்டவணையில் இயக்குநரின் பெயர் மட்டும்தான் இருக்கும். கொரிய, வியட்நாமியப் பெயர்களில் ஆணா பெண்ணா என்று நமக்குத் தெரியாது. கையேட்டில் ஒவ்வொரு படத்தின் கீழும் இயக்குநர் குறிப்பு உண்டு. முதல் நாள் இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். 2024இல் பெண் பார்வை என்றே தனிப் பிரிவு வைத்தார்கள்; ஆனால் அந்தப் பிரிவோடு நின்றுவிட வேண்டாம். போட்டி, உலக சினிமா, இந்திய சினிமா, மலையாள சினிமா என எல்லாப் பிரிவிலும் பெண்களின் படங்கள் சிதறிக் கிடக்கும். குறிப்பில் 'முதல் படம்' என்று இருந்தால் அதன் பக்கத்தில் இரண்டு கோடு போடுங்கள். ஒரு படம் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை திரையிடப்படும். இயக்குநர் நேரில் நிற்பது முதல் காட்சியில்தான். வெளிநாட்டு விருந்தினர்கள் பலர் விழாவின் பாதியிலேயே கிளம்பிவிடுவார்கள். நான்கு நாள்தான் லீவு என்றால் சனி முதல் செவ்வாய் வரை வாருங்கள். கடைசி நான்கு நாள் வேண்டாம்.

எல்லாப் படத்துக்கும் ஆங்கில சப்டைட்டில் உண்டு, மலையாளப் படத்துக்கும் சேர்த்து. முன்னால் உயரமானவர் உட்கார்ந்தால் கீழ்வரி மறையும். நடைபாதையை ஒட்டிய இருக்கை நல்லது. அரங்குக்குள் ஏசி குளிரும், ஒரு சால்வை வேண்டும். நிசாகந்தி திறந்தவெளி என்பதால் கொசு. இரவுக் காட்சி முடிய நேரமாகும், திரும்பும் வண்டியை முன்பே சொல்லிவையுங்கள். இடையில் சாப்பிட, பேருந்து நிலையத்தை ஒட்டி கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய சுருள் வடிவச் செங்கல் இந்தியன் காபி ஹவுஸ். தரை சரிந்து மேலேறிக்கொண்டே போகும். மசாலா தோசைக்குள் பீட்ரூட் சிவப்பு தெரியும். அரை மணி நேர இடைவெளிக்குள் சாப்பிட்டு எழுந்துவிடலாம்.

அட்டவணை மாறும். தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தைத் திரையிட மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வேண்டும். 2025 விழாவில் 19 படங்களுக்கு அது உரிய நேரத்தில் கிடைக்காமல் காட்சிகள் ரத்தாகின. ஒவ்வொரு நாள் காலையும் செயலியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மாலையில் டாகூர் வளாகத்தில் நடக்கும் ஓப்பன் ஃபோரம் என்ற பொது விவாதத்தைத் தவற விடாதீர்கள். காசைப் பற்றிய பேச்சு அங்கேதான் நேராக நடக்கும். கேரள அரசு 2019இல் பெண் இயக்குநர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கியது. மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தேர்ந்தெடுத்த கதைக்கு ஒன்றரைக் கோடி வரை தயாரிப்புச் செலவு. பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் அதே அளவில். தாரா ராமானுஜன், மினி ஐ.ஜி., ஸ்ருதி சரண்யம், இந்து லட்சுமி ஆகியோரின் படங்கள் அப்படி வந்தவை. தாராவின் படம் 2022 மார்ச் விழாவில் இந்திய அறிமுக இயக்குநருக்கான கே.ஆர். மோகனன் விருது பெற்றது. படம் முடிந்த பிறகு வெளியீடு இழுத்தடிக்கப்பட்டதைப் பற்றியும் இயக்குநர்கள் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் திரைப்படக் கொள்கை மாநாட்டில் மூத்த இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், இந்த உதவி பெறுவோருக்கு முதலில் தீவிரப் பயிற்சி வேண்டும், தொகையும் அதிகம் என்று சொல்ல, அரங்கிலேயே எதிர்ப்பு எழுந்தது. பயிற்சி எல்லா அறிமுக இயக்குநருக்கும் நல்லதுதான். பெண்ணுக்கும் தலித்துக்கும் மட்டும் அதை நிபந்தனையாக்குவது அநியாயம் என்றே நினைக்கிறேன். விது வின்சென்ட்டின் முதல் படம் 2016 விழாவின் போட்டிப் பிரிவில் நின்று, அறிமுக இயக்குநர் விருதையும் வாங்கியது. மலக்குழியில் இறங்க வைக்கப்படும், கொல்லத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கதை அது. யாரும் அவருக்குப் பயிற்சி நிபந்தனை வைக்கவில்லை.

விழாவில் வழங்கும் 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருதும் இந்த வரிசையில் வரும். முதலில் பெற்றவர் லிசா சலான். 2015இல் குண்டுவெடிப்பில் இரு கால்களையும் இழந்த குர்து இயக்குநர். அடுத்தவர் ஈரானின் மஹ்னாஸ் முகமதி. அவரால் நாட்டைவிட்டு வர முடியவில்லை. தன் தலைமுடியை வெட்டி அனுப்பினார். நடுவராக வந்திருந்த கிரேக்க இயக்குநர் அதினா ரேச்சல் சங்காரி அந்த முடியை நிசாகந்தி மேடையில் உயர்த்திக் காட்டினார். 2024இல் விருது பாயல் கபாடியாவுக்கு.

படம் எடுத்து அனுப்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பதிவு நடக்கும். ஆவணப்படமும் குறும்படமும் இங்கே அனுப்ப வேண்டாம். அவற்றுக்கு அதே அகாடமி நடத்தும் தனி விழா உண்டு, 2025இல் ஆகஸ்ட் மாதம் நடந்தது. தேர்வுக் குழுவுக்குத் தரும் இணைப்பில் கடவுச்சொல்லை இடையில் மாற்றாதீர்கள். நவம்பர் வரை காலாவதி ஆகாமல் வையுங்கள். அந்தப் பிரதியிலேயே ஆங்கில சப்டைட்டில் இருக்க வேண்டும், பாடல் வரிகளுக்கும், சுவரொட்டியில் தெரியும் எழுத்துக்கும் சேர்த்து. நாட்டார் பாட்டிலேயே பாதிக் கதை சொல்லும் தமிழ்ப் படங்கள் இந்த ஒரு குறையால் புரியாமல் போகின்றன.

தேர்வானால் டிசிபி, அதாவது திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி, கேட்பார்கள். 24 ஃபிரேமில், 5.1 ஒலியோடு செய்யுங்கள். 25 ஃபிரேம் சில பழைய சர்வர்களில் ஓடாது. 90 நிமிடப் படம் ஏறத்தாழ நூறு ஜிபி வரும். வன்தட்டை லினக்ஸ் வடிவத்தில் தயார் செய்யச் சொல்லுங்கள். சாதாரண மேக் வடிவத்தில் அனுப்பினால் தியேட்டர் சர்வர் அதைப் படிக்காது. பூட்டிய டிசிபி என்றால் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி சாவிக் கோப்பு வேண்டும். அதில் குறித்த நேரம் வேறு நாட்டு நேரமாக இருந்தாலோ, காட்சி வேறு திரைக்கு மாறினாலோ படம் திறக்காது. கையில் காசில்லாத சிறு படக்குழு பூட்டாமல் கொடுப்பதே நல்லது. சப்டைட்டிலைத் தனிக் கோப்பாக வைக்காமல் படத்தோடு பதித்துவிடுங்கள். இரண்டாவது பிரதி ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும்.

பார்வையாளராக வருகிறவர்கள் கையில் வாக்கும் உண்டு. போட்டிப் படங்களில் ஒன்றுக்கு டெலிகேட்டுகள் தரும் பரிசின் தொகை இரண்டு லட்சம் ரூபாய், இயக்குநருக்கே போகும். விழாவின் பின்பாதியில் தளத்தில் உங்கள் கணக்கின் வழியே வாக்களிக்கலாம். செவ்வாய்க்கிழமை ஊர் திரும்பியிருந்தாலும் போடலாம்.