ஏப்ரலில் கராஜுக்கு வரும் மோட்டார் சைக்கிள்கள்

ரொறன்ரோவில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்யும் எனக்கு ஏப்ரல் மாதத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. நவம்பரில் மூடிவைத்த வண்டிகளை, சற்று வெயில் எறிக்கும் முதல் சனிக்கிழமையே எல்லோரும் வெளியே எடுத்துவிடுவார்கள். வருகிறவர்கள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றுதான் முறையிடுவார்களே தவிர, பிறேக்கைப் பற்றிக் கேட்பவர்கள் அரிது. எனக்கோ, பொத்தானை அழுத்தியதும் ஸ்டார்ட் ஆகி நேரே வீதிக்குப் போய்விடும் வண்டிமீதுதான் பயம் அதிகம்.

ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் பற்றரியோ பெற்றோலோதான் காரணம். நல்ல பற்றரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும்; முற்றாக இறங்கியதோ குளிரில் உறைந்து வெடித்தே போகலாம். எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை இழுப்பதுடன், பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் காபுரேற்றரில் தேங்கி ஆவியாகும்போது மஞ்சள் பசையாகப் படிந்துவிடும். சோக்கை (குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெற்றோலைக் கூட்டும் பிடியை) இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் கழற்றுவது, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெற்றோலை அளந்துவிடும் பைலட் ஜெட்டைத்தான். அந்தச் சிறு பித்தளைத் துண்டின் துவாரம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவானது. வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது ஒரு புள்ளி ஒளியாவது தெரிய வேண்டும். கம்பியால் குத்தினால் துவாரம் பெருத்துவிடும் என்பதால், கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தே சுத்தம் செய்வேன்.

குளிர்காலத்திலும் இடையிடையே ஐந்து நிமிடம் ஓடவிட்டதாகப் பெருமையுடன் சொல்பவர்களும் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்தினால் உள்ளே உண்டாகும் ஈரம் எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜும் பற்றரிக்குத் திரும்பாது. சும்மா விட்டிருக்கலாம். எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், சீற்றின் பஞ்சைக் கடித்துக் கிழித்து எலி கட்டிய கூடும், அதனுள் பறவைகளுக்கு வாங்கிய சூரியகாந்தி விதைகளும் கிடப்பதுண்டு.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் நான் முக்கியமாகக் கருதும் வேலை தொடங்குகிறது. சக்கரத்தை உயர்த்திக் கையால் சுழற்றும்போது அது தயங்கி நின்றால், பிறேக் பாட்டை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கக்கூடும் என்று கழற்றிப் பார்ப்பேன். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், நிறம் எப்படியிருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

ரயர் விஷயத்தில்தான் வாக்குவாதம் வரும். பக்கச்சுவரில் 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் றப்பர் இறுகிப்போயிருக்கும். பனிக்காலத்தில் வீதியில் கொட்டிய மணல் ஏப்ரலிலும் வளைவுகளில் கிடக்கையில், அந்த ரயரை நம்பி வண்டியைச் சரிப்பது ஆபத்து. புதிய சைலன்சருக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள்கூட, ரயர் என்றதும் “இந்த வருசம் ஓடும்தானே அண்ணை?” என்று இழுப்பார்கள். அப்படியானவர்களிடம், ரயர் மாற்ற வேண்டும் என்று பில்லில் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகே திறப்பைக் கொடுப்பேன்.